குடையாமல் ஒரு பல் வைத்தியம்

பல் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்பவர்கள், குடையும் கருவியின் அந்த ‘ங்கொய்’ சத்தத்துக்கு நடுங்குவார்கள். ஊசி இல்லை, குடைவதில்லை, அரை நிமிடம் வாயுவைச் செலுத்தினால் சொத்தை அடங்கிவிடும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஓசோன் சிகிச்சை இந்த வாக்குறுதியோடுதான் பரவியது.

ஜெராக்ஸ் கடையில் இயந்திரம் வெகுநேரம் ஓடினால் ஒரு நெடி மூக்கில் ஏறுமே, அதில் ஓசோனுக்கும் பங்குண்டு. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு எளிதில் கழன்று, கிட்டத்தில் இருப்பதை ஆக்ஸிகரணம் செய்துவிடும். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள கொழுப்பு அதில் சிதைகிறது. உறை கிழிந்தால் கிருமி மடிகிறது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதலே குடிநீரை இப்படித்தான் சுத்திகரித்தது.

பல் வைத்தியத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஃபிஷ் என்ற சுவிட்சர்லாந்துப் பல் மருத்துவர். 1930களில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் எர்வின் பேயர் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவரும் ஒருவர். பேயருக்கு ஓசோன் மிகவும் பிடித்துப்போய், தம் துறையிலேயே அதற்காக வாதாடத் தொடங்கினார். நோயாளியே பிரசாரகரானால் எந்த வைத்தியத்துக்கும் யோகம்தான்!

ஓசோனைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது, விரைவிலேயே பழையபடி ஆக்ஸிஜனாகிவிடும். அதனால் உயர் மின்னழுத்தம் பாயும் கருவியில் அங்கேயே தயாரிக்கிறார்கள். ஹீல்ஓசோன் என்ற கருவியில், பல்லின் மேல் சிறு சிலிக்கோன் கிண்ணியைக் கவிழ்த்து, சில பத்து விநாடிகள் வாயுவைச் செலுத்தி, உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பார்கள். கிண்ணி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வராது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. உள்ளே பாயும் ஓசோன், காற்றில் பத்து லட்சத்துக்கு 2,100 பங்கு. வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்கா அனுமதிக்கும் அளவோ 0.1 பங்குதான். கிருமியின் உறையைக் கிழிக்கும் வாயு நம் நுரையீரலை மட்டும் விட்டுவைக்குமா? ஆஸ்துமா உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, பலன்? கிருமியைக் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிருமி செத்ததும் சொத்தை குணமாகிவிடுமா என்பது வேறு கேள்வி. வாய் ஒருநாளும் கிருமியில்லாத இடமாக இருக்காது. அடுத்த இனிப்பு உள்ளே போனதும் புதிய கூட்டம் அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசோன் கொடுத்த கையோடு ஃபுளோரைடு பற்பசை, தாது உப்புக் கரைசல், வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாவற்றையும் தந்தார்கள். சாம்பாரில் பத்துப் பொருளைப் போட்டுவிட்டு, ருசி பெருங்காயத்தால்தான் என்பது போலத்தான் இது. ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த காக்ரேன் குழு, ஓசோன் சொத்தையை நிறுத்துகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2004இல் சொன்னது. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு, முறையான ஆய்வுகளுக்கு வெளியே இதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று 2005இல் அறிவித்தது.

வேர் சிகிச்சையிலும் இதே நிலைதான். வேரின் குழாயைக் கழுவ சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கே இன்றும் முதலிடம். அது கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் கரைக்கும். ஓசோனால் அப்படிக் கரைக்க முடியாது.

அதற்காக இதை முழுப் புரட்டு என்று நான் தள்ளமாட்டேன். கருவியைக் கண்டாலே வாயைத் திறக்க மறுக்கும் குழந்தை, பல் வேர் வெளியே தெரியும் முதியவர் போன்றோருக்கு, ஃபுளோரைடோடு சேர்த்துத் தரும் துணையாக ஓசோன் இருக்கலாம். எனாமலில் வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும் நிலையில், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லை மீண்டும் இறுக்கும். அதற்கு உதவ ஃபுளோரைடு போதும், அதன் விலையும் குறைவு. குழி விழுந்த பல் வேறு கதை. எந்த வாயுவாலும் எனாமல் திரும்ப முளைக்காது. அந்தக் குழியைச் சுத்தம் செய்து அடைத்தே ஆக வேண்டும்.