மலைமக்களின் வரலாற்றை யார் எழுதுவது?

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடங்களுள் ஒன்று. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இந்நெறி எந்த அளவுக்குக் கைக்கொள்ளப்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இங்குள்ள மாணவன் குறிஞ்சித் திணையின் முதற்பொருளையும் கருப்பொருளையும் பிழையறச் சொல்லுவான். ஆயினும், கிழக்கே கண்ணுக்கெட்டிய சித்தேரி மலையில் வாழ்வோர் யாவர், அவர்தம் வழக்கங்கள் யாவை என்று வினவினால் வாளாவிருப்பான். குறைபாடு அவனுடையதன்று; நாம் வகுத்த பாடத்தினுடையதாகும்.

அம்மலையில் வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயர் ஒன்றேயன்றி, வேறு தொடர்பு இல்லை. இவர்கள் பேசுவது தமிழே. மூன்று உடன்பிறந்தார் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இம்மக்களிடையே வழங்கும் மரபுக் கதை.

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியாரின் துணையுடன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. அந்நூலால் நாம் அடைந்த பயன் பெரிது. எனினும், தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து மக்களை வகைப்படுத்திய காலம் அது. அளந்தவர் ஒருவர்; அளக்கப்பட்டவர் வேறொருவர். அளக்கப்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் வாய்ப்பு அன்று இல்லை.

இந்நிலையை மாற்ற வேண்டுமென்று கடல் கடந்த நாடொன்றில் மாணவர்கள் முயன்றனர். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில், கறுப்பின மாணவரும் பிற சிறுபான்மையின மாணவரும் 1968 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். தத்தம் இனத்தின் வரலாற்றைத் தாமே ஆராய்ந்து கற்கும் துறை வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் தலையாயது. போராட்டம் 1969 மார்ச்சு வரை நீடித்தது. அவ்வாண்டே இனவியலுக்கெனத் தனிப் பிரிவு அங்கே தோன்றிற்று. இன்று, இரண்டாண்டுப் படிப்பை வழங்கும் சமுதாயக் கல்லூரிகளிலும், உழைத்துக்கொண்டே படிக்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அப்பாடத்தைக் கற்கின்றனர்.

இனத்தைப் பற்றிப் பேசினால் பகைமை வளராதோ என்று சிலர் ஐயுறலாம். அறிதலினால் பகை வளர்வதில்லை. அறியாமையினால் விளையும் இகழ்ச்சியே பகையை வளர்க்கிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில், 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர், பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சிதைத்து, பெண்கள் பதினெண்மரை வன்கொடுமைக்கு ஆளாக்கினர். வழக்கு பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையில் மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் 2023-இல் அதனை உறுதி செய்தது. ஓர் ஊரையே கள்வர் கூட்டமெனக் கருதும் மனப்போக்கு இல்லாதிருந்தால், இக்கொடுமை இத்துணை எளிதில் நிகழ்ந்திருக்குமா? அம்மக்கள் நீதிமன்றத்தில் ஏறித் தம் வாயால் உரைத்த சாட்சியமே உண்மையை நிலைநாட்டிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆகவே, நம் வட்டாரத்துக் கல்லூரிகளில் இம்மண்ணின் மக்களைப் பற்றிய பாடம் ஒன்று அமைதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மலையிலிருந்து வரும் மாணவி தன் பாட்டி பாடும் பாட்டை எழுதிக்கொண்டு வரட்டும். சாமை விதைக்கும் முறையையும், ஊர்ப் பஞ்சாயத்தின் நடைமுறையையும், ஓடைகளுக்கும் பாறைகளுக்கும் வழங்கும் பெயர்களையும் திரட்டட்டும். சமவெளி மாணவர் அவற்றைக் கேட்டுக் கற்கட்டும். அங்கே அவள் ஆராயப்படும் பொருளல்லள்; ஆராய்பவள். கற்பிப்பவளும் அவளே.

பாட்டியர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் எந்த நூலகத்திலும் அப்பாட்டுகள் கிடைக்கமாட்டா. பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திராமல், நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றுடன் இப்பணியை இவ்வாரமே தொடங்கலாம். தொடங்குவீர்களாக!