உதவிக்கும் ஒரு கெடு வேண்டும்



1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வரி விதிக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். சண்டை தொடங்கியது கோழியில். அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து மலிவு விலையில் வந்து குவிந்த கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் வரியை உயர்த்தியிருந்தன. பேசிப் பார்த்தும் பலனில்லை. பதிலுக்கு அமெரிக்கா உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின் என்ற பசைப்பொருள், பிராந்தி, சிறு சரக்கு வாகனங்கள் ஆகிய நான்கின் மீதும் வரியை ஏற்றியது. சரக்கு வாகனத்துக்கு 25 சதவீதம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கு வைத்த குறி அது.

மற்ற மூன்று பொருள்களின் கூடுதல் வரி பிற்பாடு நீங்கிவிட்டது. கோழிச் சண்டையை இன்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சரக்கு வாகனத்தின் மீதான அந்த 25 சதவீதம், அறுபது ஆண்டுகள் கடந்தும் அப்படியே நிற்கிறது. ‘கோழி வரி’ என்றே அதற்குப் பெயர்.

மோட்டார் வாகனத் தொழிலில் அரசு தலையிடலாமா, கூடாதா என்ற விவாதம் அமெரிக்காவில் இப்போது மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தலையிடலாம். சில நேரங்களில் தலையிட்டே ஆக வேண்டும். ஆனால் அந்த உதவிக்கு நிபந்தனை வேண்டும், கணக்கு வேண்டும், கெடு வேண்டும். இவை இல்லாத உதவி, யாரைக் காக்க வந்ததோ அவர்களையே பலவீனப்படுத்திவிடும்.

கோழி வரி என்ன செய்தது என்று பாருங்கள். பிக்கப் லாரிச் சந்தையில் டெட்ராய்ட் நகரைச் சார்ந்த அமெரிக்கக் கார் நிறுவனங்களுக்கு வெளிநாட்டுப் போட்டி பெரிதாக இல்லாமல் போயிற்று. லாபம் அங்கேதான் கொழித்தது. அவர்களுடைய கவனமும் அங்கேயே தங்கிவிட்டது. 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை எகிறி, மக்கள் சிக்கனமான சிறிய கார்களைத் தேடியபோது, அவற்றைத் தரமாகச் செய்து தந்தவை ஜப்பானிய நிறுவனங்கள்.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு நிறுவனம் டிரான்சிட் கனெக்ட் என்ற சிறிய வேனைத் துருக்கியில் செய்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. சரக்கு வேன் என்றால் வரி 25 சதவீதம். பயணிகள் வண்டி என்றால் அப்போது இரண்டரை சதவீதம். அதனால் பின் இருக்கைகளும் கண்ணாடி ஜன்னல்களும் பொருத்தி, பயணிகள் வண்டியாகவே அதைக் கப்பலேற்றினார்கள். பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடிந்த பிறகு, புத்தம் புது இருக்கைகளைக் கழற்றி மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு இரும்புத் தகடு பொருத்தினார்கள். இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2024-ல் 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்டு அதை முடித்துக்கொண்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வந்த வரி, உள்நாட்டு நிறுவனத்தையே நல்ல இருக்கையைச் செய்து குப்பையில் போடும் வேலைக்குத் தள்ளியது.

இதற்கு நேர்மாறான கதை கிரைஸ்லர் கார் நிறுவனத்துடையது. 1979-ல் அந்த நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. அதன் தலைவர் லீ அயகோக்கா அரசிடம் கேட்டது கடனுக்கு உத்தரவாதம். நாடாளுமன்றம் 150 கோடி டாலர் வரை உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் சும்மா தரவில்லை. தொழிலாளர்கள் ஊதியத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், வங்கிகள் தங்கள் பங்குக்கு இறங்கிவர வேண்டும், நிறுவனத்தை அரசுக் குழு ஒன்று கண்காணிக்கும் என்று நிபந்தனைகள் விதித்தது. கிரைஸ்லர் 1983-லேயே, கெடுவுக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக, கடனை அடைத்துவிட்டது. உத்தரவாதத்துக்கு ஈடாகப் பெற்ற, பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்களை விற்ற வகையில் அரசுக்கு 30 கோடி டாலருக்கு மேல் லாபம்.

2008-ல் வந்தது இன்னும் பெரிய சோதனை. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டும் விழும் நிலை. ‘பிழைக்கத் தெரியாத நிறுவனம் போகட்டுமே, மக்கள் வரிப்பணத்தை ஏன் கொட்ட வேண்டும்?’ என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் வங்கிகளே முடங்கிக் கிடந்தன. திவாலான நிறுவனத்தைச் சீரமைக்கக் கடன் தர ஆளில்லை. அரசின் அவசரக் கடனை வாங்காத ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலிகூட, போட்டி நிறுவனங்களுக்கு உதவும்படி நாடாளுமன்றத்தில் வாதாடினார். காரணம், மூவருக்கும் உதிரிபாகம் தருபவர்கள் பெரும்பாலும் ஒரே சப்ளையர்கள். ஒரு பெரிய ஆலை மூடினால் அந்த சப்ளையர்கள் சாய்வார்கள்; அவர்கள் சாய்ந்தால் மற்ற ஆலைகளும் நிற்கும்.

முதலில் அதிபர் புஷ்ஷும் பிறகு ஒபாமாவும் சேர்ந்து கொடுத்தது சுமார் 8,000 கோடி டாலர். ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1 அன்று திவால் மனு போட்டது. பழைய பங்குதாரர்களின் முதலீடு அழிந்தது. தலைவர் பதவி விலக நேர்ந்தது. போன்டியாக், சாட்டர்ன் போன்ற பிராண்டுகள் மூடப்பட்டன. புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குக் குறைந்த ஊதியம் என்ற கசப்பான ஏற்பாடும் நீடித்தது. அந்தச் சுமை நியாயமாகப் பகிரப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். 2014-க்குள் அரசு தன் பங்குகளை விற்று வெளியேறியது. இறுதிக் கணக்கில் 900 கோடி டாலருக்கு மேல் நட்டம். அந்த நட்டம் எல்லோருக்கும் தெரியும்படி ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சரியா தவறா என்று மக்கள் எடை போடலாம்.

இறக்குமதி வரியில் அப்படிப்பட்ட ஏடு கிடையாது. துறைமுகத்தில் இறக்குமதியாளர் கட்டும் பணத்தில் ஒரு பங்கு காரின் விலையில் ஏறி வாங்குபவர் தலையில் விழுகிறது. தன் பங்கு எவ்வளவு என்று அவருக்கு எந்த ரசீதும் வருவதில்லை. பாதுகாப்புப் பெறும் நிறுவனத்துக்கும் நிபந்தனை இல்லை: இத்தனை பேரை வேலைக்கு வை, இந்த விலைக்கு மேல் விற்காதே என்று யாரும் கேட்பதில்லை.

2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தார். ஆலைகள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் அதை வரவேற்றது. வேலை பறிபோன ஊர்களின் வலி தெரிந்தவர்கள் அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ், இந்த வரிகளால் அந்த ஆண்டு தனக்கு 400 முதல் 500 கோடி டாலர் வரை சுமை வரலாம் என்று அறிவித்தது. அதன் வண்டிகளில் கணிசமானவை மெக்சிகோ, கனடா, தென்கொரிய ஆலைகளிலிருந்து வருகின்றன. நம் டாடா குழுமத்தின் ஜாகுவார் லேண்ட் ரோவர், அமெரிக்காவுக்குக் கார் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. பிறகு பிரிட்டனுக்கு ஒரு விகிதம், ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் வேறொரு விகிதம் என்று பேரம் நடந்தது. ஆலை கட்டுபவர் பல ஆண்டுக் கணக்குப் போட்டுத்தான் முதல் போடுவார். அடுத்த ஆண்டு வரி என்னவென்று தெரியாதபோது அவர் எப்படித் துணிவார்?

நாற்றங்காலில் வளரும் பயிரை உரிய நாளில் பறித்து நடாவிட்டால் அது முற்றி வீணாகும். தொழிலுக்குத் தரும் பாதுகாப்பும் அப்படித்தான். ஆகவே எந்த நாட்டு அரசானாலும், வரி போடும் அன்றே அது முடியும் தேதியையும் சட்டத்தில் எழுதட்டும். பாதுகாப்புப் பெறும் நிறுவனம் அதற்குள் எத்தனை பேருக்கு வேலை தரும், எவ்வளவு முதலீடு செய்யும் என்று எழுதி வாங்கட்டும். ஆண்டுதோறும் அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். கடன் தந்தபோது கேட்ட கேள்விகளை வரி போடும்போதும் கேட்டால், தொழிலாளியின் வேலையும் வாங்குபவரின் பணமும் ஒருசேரக் காக்கப்படும்.