வீட்டுக்கு மூன்று கூடை

(பெங்களூரு கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றிப் பேசும்படி நம் செயலாளர் பணித்தார். தலைப்பைக் கேட்டு என் சகதர்மிணி சிரித்துவிட்டாள். குப்பைக் கூடைகளைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன் என்று சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது.

நம் வீடுகளில் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு வேலை உண்டு. வெங்காயத்துக்கு மூங்கில் கூடை, கடைக்கு ஒயர் கூடை, பூஜைக்குப் பூக்கூடை. வெங்காயக் கூடையில் யாரும் பூப் பறிப்பதில்லை. ஆனால் குப்பை என்று வந்துவிட்டால் இந்த விவேகமெல்லாம் போய், எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி!

வெளியூர் அங்கத்தினர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பெங்களூரின் குப்பை வெகுகாலம் மாவள்ளிபுரா, மண்டூர் போன்ற கிராமங்களுக்கு லாரி லாரியாகப் போயிற்று. கிணற்று நீர் கெட்டது, ஈயும் நாற்றமும் தாங்கவில்லை. கிராமத்தார் போராடினார்கள். 2012-ல் மாவள்ளிபுரா மூடப்பட்டது. அந்த வருஷம் தெருமுனைகளில் குப்பை மலைபோல் குவிந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மண்டூரில் கொட்டுவது 2014 இறுதியில் நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்றும், அதற்கு இரண்டு தொட்டி, ஒரு பை வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பச்சைத் தொட்டியில் காய்கறித் தோல், மீந்த சாதம், வாடிய பூ. சிவப்பில் டயபர், பேண்டேஜ், பெருக்கிய தூசி. பையில் காகிதம், கழுவிக் காயவைத்த பால் கவர், பாட்டில், அட்டைப்பெட்டி. உங்கள் ஊரில் நிறம் வேறாக இருக்கலாம். பல நகரங்களில் உலர்ந்த குப்பைக்கு நீலம். நிறம் முக்கியமல்ல.

நான் படித்தது பி.எஸ்ஸி. தெர்மோடைனமிக்ஸ் பாதி மறந்துவிட்டது. இரண்டாம் விதி மட்டும் நினைவிருக்கிறது. கலப்பது தானாக நடக்கும், பிரிப்பதற்கு உழைப்பு வேண்டும். ரவையும் சர்க்கரையும் கலந்து கொட்டிவிட்டால் பிரித்தெடுக்க ஒரு நாள் போதாது. கையிலிருந்து விழும் தருணத்தில் பிரித்தாலோ ஒரு விநாடி. பருப்புத் தண்ணீரில் ஊறிய செய்தித்தாளை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்கமாட்டார். அதே தாள் உலர்ந்திருந்தால் கிலோ கணக்கில் காசு. ஆகவே கூடை, பொருள் விழுகிற இடத்தில் இருக்க வேண்டும். பச்சைத் தொட்டி காய் நறுக்கும் மேடைக்குப் பக்கத்தில், சிவப்பு குளியலறைப் பக்கம், பை அஞ்சலும் பார்சலும் பிரிக்கிற இடத்தில். பால்கனியில் வரிசையாக அழகாக அடுக்கிவைத்தால் ஒருவரும் அங்கே நடந்துபோய்ப் போடமாட்டார்கள்.

பத்து, எச்சில் என்று சமையலறைக்குள் எத்தனை பிரிவு பார்த்து வளர்ந்தவர்கள் நாம்! சாதம் தொட்ட கையை அலம்பாமல் மோர்ப் பாத்திரத்தைத் தொட்டால் பாட்டி விடமாட்டாள். அந்தக் கவனம் வாசற்படியோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். நாம் கலந்து வைத்ததை வேறொருவர் கைவிட்டுப் பிரிக்கிறார். இங்கே அவர்களைப் பௌரகார்மிகர் என்கிறோம், பெரும்பாலும் பெண்கள். எந்த ஜாதியில் பிறந்தவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த அறையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் இருப்போம். இன்சுலின் ஊசியைத் தயவுசெய்து எந்தக் கூடையிலும் அப்படியே போடாதீர்கள். பிளாஸ்டிக் கவர் வழியாக அது நேரே எடுப்பவர் கையில் குத்தும். கெட்டியான, மூடியுள்ள டப்பா ஒன்றில் சேருங்கள். நிரம்பியதும் திருகி மூடி, டேப் ஒட்டி, "ஊசி" என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் காகிதத்தில் கனமாகச் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும்.

இடமும் ஆர்வமும் உள்ளவர்களுக்குப் பச்சைத் தொட்டியிலிருந்து ஒரு படி மேலே போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மண்பானைகள் அடுக்கிய உரப்பானை, 'கம்பா' என்ற பெயரில், இந்த ஊரில் 2006-ல் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம் பரப்பியது. நாற்றம் வருமே என்று மாமிகள் கேட்பீர்கள். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், ஈரமும் அதிகம். காற்றுப் புகாமல் போனால் அழுகி நாறும். காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள் சேர்த்தால் கார்பன் கூடும், காற்றும் புகும். கார்பன் சுமார் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு இருப்பது நல்லது என்பார்கள். தராசெல்லாம் வேண்டாம், ஒரு பிடி தோலுக்கு ஒரு பிடி இலை, நசநசவென்றிருந்தால் இன்னொரு பிடி. வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். கறிவேப்பிலைச் செடிக்கு அதைவிட நல்ல போஷாக்கு கிடையாது.

கடைசியாக, கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். நம் சமாராதனைகளில் பந்தி முடிந்ததும் வாழை இலை, தண்ணீர் பாட்டில், காகித டம்ளர் எல்லாம் ஒரே சுருட்டாக ஒரே டிரம்மில் விழுகின்றன. அடுத்த விசேஷத்திலிருந்து இலைக்கு ஒரு கூடை, பாட்டிலுக்கு ஒரு கூடை, மற்றதற்கு ஒன்று என்று வாசலில் வைக்கலாம். முதல் பந்தி முடிந்து எழும்போது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் பெயரை இன்றே எழுதிக்கொள்ளலாம்.