ஆக்ஸிஜன் அறையும் அறுபது சென்ட் தோட்டமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ஜினியரை மேடையேற்றினால் பாலம், கம்ப்யூட்டர் என்று பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது எங்கள் வீட்டுக் கதை.

2017 மாசியில் நிலக்கோட்டைப் பக்கம் புளி உலுக்க ஏறிய என் பெரியப்பா மகன், கிளை முறிந்து விழுந்தார். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. மதுரையில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஆறாம் மாதம் யாரோ ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆக்ஸிஜன் அறையில் நாற்பது முறை உட்கார்ந்தால் நடக்கலாமாம்! அறுபது சென்ட் மல்லிகைத் தோட்டத்தை விற்கப் பெரியப்பா ஆள் பார்த்துவிட்டார். "தம்பி, நீங்க படிச்சவங்க. இது பலிக்குமா, சொல்லுங்க" என்று மதினி கேட்டார்கள்.

தேடிப் படித்தேன். மூடிய அறையில் அழுத்தத்தை இரண்டு, மூன்று மடங்கு உயர்த்தி, சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். சோடாவில் வாயு கரைவது போல ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆக்ஸிஜன் கரைகிறது. சாதாரணமாக 100 மில்லியில் 0.3 மில்லிதான் கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 6 மில்லி. நாம் படித்த ஹென்றி விதிதான்!

இது பொய் வைத்தியம் அல்ல. ஆழ்கடலில் மூழ்கியவர் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும். அவை தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் போட்டபோது, 1872-ல் தலைமை என்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே இந்நோய் முடக்கியது. இப்படிப்பட்டவரைச் சீக்கிரம் அறைக்குள் வைத்தால் குமிழி சுருங்கும். எழுந்து நடந்தவர்கள் உண்டு. ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் இது உதவுகிறது.

ஆனால் அண்ணனுக்கு வந்தது குமிழி அல்ல, நசுங்கிய நரம்பு. ஆக்ஸிஜன் அதை ஒட்ட வைக்காது. அடிபட்ட உடனே கொடுத்தால் வீக்கம் குறையுமா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. விலங்குகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதரிடம் உறுதியாக நிரூபணமாகவில்லை. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலிலும் தண்டுவடக் காயம் இருந்தது.

"வேண்டாம்" என்றேன். பெரியப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. மகன் நடப்பான் என்ற நம்பிக்கையை நான் பிடுங்கிவிட்டதாக நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் அவர்களின் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். அவரும் என்ஜினியரிங் மாணவர். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு தந்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இத்தனையும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே!

நாங்களும் அந்த வழிக்கு வந்தோம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தோம். படுக்கைப்புண் வரவில்லை. சிறுநீர்ப் பராமரிப்பை மதினி கற்றுக்கொண்டார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று வாசலில் சரிவுப் பாதை போட்டேன். நான் கட்டியதிலேயே சின்ன வேலை அதுதான். பெரிய வேலையும் அதுதான். இன்று அண்ணன் பூ மார்க்கெட் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். தோட்டத்து மல்லிகையும் அங்கேதான் வருகிறது. பெரியப்பாவும் பேசுகிறார்.

தம்பி தங்கைகளே, ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்காதீர்கள். அண்ணனை அப்படித்தான் தூக்கினோம். கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் நூலக வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன. சரிவுப் பாதை இல்லை. செலவில் என் பங்கை இன்றே தருகிறேன். வரைபடமும் கையில் இருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு அண்ணனை அழைத்து வருவேன்.