கையில்லாத ஸ்வெட்டர்



ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கு ஊட்டியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று பாருங்கள். தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உப்புப் பூத்தது போல உறைபனி படர்ந்திருக்கும். கடைக்கு வருகிறவர் தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர், மேலே தடித்த ஜாக்கெட், இரண்டு கையாலும் பிடித்த டீ கிளாஸ். அதே மனிதரைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாருங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும். குல்லா பைக்குள் போயிருக்கும், ஜாக்கெட் கையில் மடங்கித் தொங்கும். உடம்பில் மிஞ்சுவது கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றுதான்.

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிற வெப்பநிலை, பகலில் இருபது டிகிரியைத் தொட்டுவிடும். ஒரே நாளில் இரண்டு பருவம் பார்க்கிற இப்படிப்பட்ட ஊர்களுக்கென்றே பிறந்த உடுப்பு இது. மார்பும் முதுகும் கதகதப்பாக இருக்கும், கை இரண்டும் வேலைக்குத் தயாராக இருக்கும். கிரிக்கெட்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் குளிரில் வேகப்பந்து வீசுகிறவருக்கு உடம்பு சூடாக இருக்க வேண்டும், தோள் தடையில்லாமல் சுழல வேண்டும். அதற்காக வந்ததுதான் ஆங்கில வி எழுத்து வடிவத்தில் கழுத்தும், கழுத்தோரம் வண்ணப் பட்டையும், முறுக்குக் கயிறு போன்ற பின்னலும் கொண்ட அந்த வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர். வீரர்கள் கழற்றிக் கொடுத்ததையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடும் துணிக்கடை போல நின்ற நடுவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இந்த உடுப்புக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா போடுவது, அம்மா கட்டாயப்படுத்திப் போட்டுவிடுவது என்று. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் சாண்ட்லர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். அந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்தவர்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு அதையே விரும்பி அணிந்து போகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது பொருந்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கை நுழைகிற அந்த வளைவைப் பாருங்கள். தையல்காரர்கள் ஆர்ம்ஹோல் என்பார்கள். கையில்லாத ஸ்வெட்டரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வளைவு தோள் எலும்பின் முனையில் தொடங்க வேண்டும். அதைத் தாண்டிக் கீழே வழிந்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது போல இருக்கும். அக்குளில் இறுக்கினால் உள்ளே சட்டை சுருண்டு பந்தாகிவிடும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் சிலையாக நிற்காதீர்கள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பது போல ஒரு கையை உயர்த்துங்கள். ஸ்வெட்டர் முழுதும் கூடவே மேலேறி வயிறு தெரிந்தால் அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

நீளம், இடுப்பு பெல்ட்டை மூடுகிற அளவு போதும். அடிப்பட்டையில் வரிவரியாக ஒரு பின்னல் இருக்கிறதே, அது இடுப்பைப் பிடித்து நிற்பதற்காகப் போட்டது. அதைப் புட்டம் வரை இழுத்துவிட்டால் ஆளே குட்டையாகத் தெரிவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கையில்லாத ஸ்வெட்டர் பாதி உடுப்பு. மீதிப் பாதி உள்ளே போடுகிற சட்டை. கழுத்தில் தெரிவது சட்டையின் காலர், கையில் தெரிவது சட்டையின் கை. அதனால் ஸ்வெட்டர் வாங்கப் போகும்போது உங்களிடம் இருக்கிற சட்டைகளை மனத்தில் எண்ணிக்கொண்டு போங்கள். ஸ்வெட்டர் அடர்நிறமானால் சட்டை வெளிர்நிறம். ஸ்வெட்டரில் கட்டமோ பூவேலையோ இருந்தால் சட்டை ஒரே நிறம். சட்டையில் கோடு இருந்தால் ஸ்வெட்டர் வாய் திறக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் பார்க்கிறவருக்குத் தலைவலி. வி கழுத்து என்றால் சட்டையின் இரண்டாவது, மூன்றாவது பொத்தான் அருகே அது முடியட்டும். வட்டக் கழுத்து என்றால் காலரின் இரண்டு முனையும் உள்ளே இருக்கட்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று பலர் நாள் முழுக்க நடமாடுகிறார்கள், சொல்லவும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

அரைக்கைச் சட்டை மேல் இதைப் போடலாமா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் மாதிரி இருக்கும் என்பது என் கட்சி. முழுக்கைச் சட்டை போட்டு, வெயில் ஏறியதும் முழங்கைக்குக் கீழ் வரை மடித்துவிடுங்கள். அதற்கு ஈடான அழகு வேறில்லை.

வேட்டிக்கு இலக்கணம் வேறு. வெள்ளை வேட்டி, இடுப்புக்குக் கீழே தொங்குகிற வெள்ளைச் சட்டை, அதன் மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர் என்று நடந்து வருகிற பெரியவர்களை எங்கள் குன்னூரில் இன்றும் பார்க்கலாம். சட்டை நுனி ஸ்வெட்டருக்குக் கீழே அரை அடி தெரியும். பேன்ட்டில் அலங்கோலமாகத் தெரிகிற அது வேட்டியில் கம்பீரமாகத் தெரிகிறது. புடவைக்கு என்றால் ரவிக்கைக் கை முழங்கை வரையாவது நீண்டிருக்கட்டும், முந்தானை ஸ்வெட்டருக்கு மேலே வரட்டும். முந்தானையை உள்ளே திணித்துப் பொத்தான் போட்டால் தோளில் மூட்டை வைத்தது போலாகிவிடும்.

பூவேலை என்றேன். அதில் தலைசிறந்தது ஃபேர் ஐல் பின்னல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே கடலில் கிடக்கிற ஒரு சின்னஞ்சிறு தீவின் பெயர் அது. 1922-இல் வேல்ஸ் இளவரசர், பின்னால் எட்டாம் எட்வர்டாகி முடி துறந்தாரே அவர்தான், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் சங்கத்துக்குத் தலைவரானபோது இந்தப் பின்னல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். மீனவர் வீட்டுக் கைவேலை அதற்குப் பிறகு சீமான்களின் மோகமாயிற்று. பார்த்தால் ஏழெட்டு நிறம் போலத் தோன்றும். ஆனால் எந்த ஒரு வரிசையை எடுத்தாலும் இரண்டே நிறம்தான். ஒரு நிறம் முன்னால் கண்ணி போடும்போது மற்ற நிற நூல் பின்புறமாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் துணி இரட்டைத் தடிமனாகிறது, இடையில் காற்று தங்குகிறது, சூடு நிற்கிறது. அழகுக்காகப் போட்ட நிறமே குளிருக்கும் காவல். இப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதோடு வெள்ளைச் சட்டை தவிர வேறு எதுவும் போடாதீர்கள்.

எந்தப் பின்னலும் காற்றைத் தடுக்காது. கண்ணி வழியாக உள்ளே வந்துவிடும். தேயிலைத் தோட்டத்து மேட்டில் காற்று அடிக்கிற நாளில் மேலே ஒரு ஜாக்கெட் வேண்டும். மெல்லிய ஸ்வெட்டராக இருந்தால்தான் அதன் மேல் ஜாக்கெட் ஏறும்.

கடைவீதியில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் வந்தால் ஓரத்தில் நீண்டிருக்கிற ஒரு நூலைக் கிள்ளிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியாக உருண்டால் அக்ரிலிக். அக்ரிலிக்கைக் குறைசொல்ல மாட்டேன், துவைக்கச் சுலபம். ஆனால் ஒரே குளிர்காலத்தில் அக்குளருகே உருண்டை உருண்டையாக நூல் கட்டிவிடும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகளின் செதில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சுருங்கிப்போகும், பேரனுக்குத்தான் ஆகும். குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தரையில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் நீண்டுவிடும். அலமாரியிலும் ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள்.

என் அப்பாவிடம் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது, அம்மா பின்னியது. முன்பக்கமும் முதுகும் மறைந்துவிடுவதால் சட்டையில் காலரையும் இரண்டு கையையும் மட்டுமே இஸ்திரி போடுவார். கரி மிச்சம், நேரம் மிச்சம் என்பார். மத்தியானம் அலுவலகத்தில் ஜன்னல் வழியே வெயில் முதுகில் விழும்போது சக ஊழியர்களெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போடுவார்களாம். அப்பா மட்டும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குக் கொஞ்சம் குளிர் உடம்பு” என்று சொல்லி ஐந்து மணி வரை உட்கார்ந்திருப்பார்.