எக்ஸ் என்பது பூதமன்று
(திரிங்காப்பில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தேயிலைத் தோட்டத் தோழர்களே, கீழேயுள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறி வந்திருக்கும் பால்வெட்டுத் தோழர்களே, கிராணிமார்களே!

சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டைப் பற்றிப் பேசலாம். அல்ஜீப்ராவுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் கணக்குப் பாடத்தைக் கைவிடும் இடம் அதுதான். கூலிச் சீட்டை நம்மில் பலர் படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொள்வதற்குக் காரணமும் அதுதான். இந்த இரண்டும் ஒரே நோய் என்பதையும், மருந்து நம் தோட்டத்திலேயே இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு தமிழில் கணக்குப் படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. முதலாம் படிவத்தில்தான் அல்ஜீப்ரா முழுப் பாடமாக வருகிறது. அதே ஆண்டில்தான் பாடமொழியும் மலாய்க்கு மாறுகிறது. புது மொழி, புதுப் பள்ளி, அதற்கு மேல் எண் இருந்த இடத்தில் எழுத்து! மூன்று சுமையையும் ஒரே நாளில் ஏற்றினால் எந்தத் தோள்தான் தாங்கும்? பிள்ளை தடுமாறினால், ‘நமக்குக் கணக்கு வராது’ என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கட்சி.

அமெரிக்க நாட்டில் ராபர்ட் மோசஸ் என்று ஒருவர் இருந்தார். கறுப்பின மக்களில் பிறந்த கணித ஆசிரியர். 1961-இல் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய், கறுப்பு மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் இறங்கினார். அந்நாளில் அங்கே பெயர் பதியப் போகும் ஏழையிடம், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பொருள் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தைச் சரியாகத் தராதவர்களே, படிப்பில்லை என்று வாக்கையும் மறுத்தார்கள். மோசஸ் அடிபட்டார், சிறை சென்றார், விடவில்லை. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அதே மோசஸ் 1982-இல் தம் மகள் படித்த பள்ளியில் அல்ஜீப்ரா கற்பிக்கப் புகுந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அல்ஜீப்ரா திட்டம். அன்று வாக்குச்சீட்டு இல்லாதவனுக்கு நாட்டில் இடமில்லை. இன்று கணக்குத் தெரியாதவனுக்கு நல்ல வேலையில் இடமில்லை. இரண்டும் ஒரே உரிமைப் போராட்டம் என்பது அவர் கொள்கை. 2021-இல் மறையும் வரை அதை அவர் விடவில்லை.

அவர் எப்படிக் கற்பித்தார்? பிள்ளைகளை நகர ரயிலில் ஏற்றிச் சென்றார். திரும்பி வந்ததும் போன வழியைப் படமாக வரையச் சொன்னார். பிறகு, கண்டதை வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லச் சொன்னார். அடுத்து, அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி, எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எந்தப் பக்கம், எத்தனை நிலையம் என்று பிரித்துச் சொல்லச் செய்தார். கடைசியில்தான் குறியும் எழுத்தும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது இதற்குத் தலைகீழ். முதலிலேயே குறி, மற்ற நான்கு படிகளும் காணாமற்போகின்றன.

நமக்கு ரயில் இல்லை, மலைச்சாலை இருக்கிறது. திரிங்காப்பைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தா பக்கம் போனால் கூட்டல் குறி: கியா பார்ம் +1, பிரிஞ்சாங் +2, தானா ராத்தா +3. மறுபக்கம் போனால் கழித்தல் குறி: கோலா தெர்லா −1, கம்போங் ராஜா −2. பிரிஞ்சாங்கில் ஏறிக் கம்போங் ராஜாவில் இறங்குகிறவர் எத்தனை ஊர் கடந்தார்? இறங்கிய இடத்திலிருந்து ஏறிய இடத்தைக் கழியுங்கள்: −2 − 2 = −4. நான்கு ஊர், கம்போங் ராஜா பக்கமாக. சரி, கம்போங் ராஜாவில் ஏறிக் கியா பார்மில் இறங்கினால்? 1 − (−2). இதுதான் பிள்ளைகளை அழவைக்கும் கணக்கு. விரல் விட்டு எண்ணுங்கள்: கோலா தெர்லா, திரிங்காப், கியா பார்ம். மூன்று ஊர், தானா ராத்தா பக்கமாக. ஆகவே விடை +3. கழித்தலைக் கழித்தால் ஏன் கூட்டலாகிறது என்பதை எந்தச் சூத்திரமும் மனப்பாடம் செய்யாமல் பிள்ளை கண்ணால் கண்டுவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 628-ஆம் ஆண்டிலேயே நம் பாரதத்துப் பிரம்மகுப்தர் கூட்டல் எண்ணைச் செல்வம் என்றும், கழித்தல் எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு விதி எழுதினார். கடைப்பற்று ஐம்பது வெள்ளி இருக்கிறது. கடைக்காரர் இருபதைத் தள்ளிவிட்டார். கடனைக் கழித்தார், நம் நிலை உயர்ந்தது. −50 − (−20) = −30. கடன் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர ஆள் தேவையா, தோழர்களே?

இனி அந்த எழுத்துக்கு வருவோம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு பூதத்தைக் கண்டதுபோல் பிள்ளை பயப்படுகிறது. பூதமன்று அது; இன்னும் நிரப்பாத கட்டம். காலையில் கிராணியார் செக்ரோலைத் திறக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எடை எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. மாலையில் எண் வரும். ஒவ்வொரு நாளும் வேறு எண் வரும். அந்தக் காலிக் கட்டத்துக்கு வைத்த பெயர்தான் எக்ஸ். பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டு வாக்கில் ‘பீஜகணிதம்’, அதாவது விதைக் கணக்கு, என்று எழுதினார். அவர் காலத்தில் தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப் பெயர்களை வைத்தார்கள். எந்தப் பெயரும் வைக்கலாம். மலாயில் இதற்குப் ‘பெம்போலே உபா’ என்று பெயர். ‘போலே’ என்றால் முடியும், ‘உபா’ என்றால் மாற்று. இது சந்தையில் பேசுகிற நமக்குத் தெரிந்த மலாய்தானே? மாறக்கூடியது, அவ்வளவே. இதை வீட்டில் தமிழில் ஒரு முறை சொல்லி அனுப்பினால் பள்ளியில் பாதிப் பயம் தீர்ந்தது.

சென்னை முத்தையால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் இருந்தார். கணித மேதை இராமானுஜனுடைய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-இல் வெளியிட்டவர் அவரே. அல்ஜீப்ரா என்பது கோலங்களின் மொழி, அமைப்புகளின் மொழி என்று அவர் கற்பித்தார். முதலில் அமைப்பைப் பார், பிறகு பேசு, பிறகு எழுது.

அவர் வழியில் இந்தத் திரிங்காப்பைப் பாருங்கள். சாலையின் இருபுறமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகைகள். ஒரே வரிசையில் அறை அறையாக நீளும் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு அறைக்கு நான்கு மூலையிலும் நான்கு கம்பம். அடுத்த அறை ஒட்டிக்கொண்டால் நடுவிலுள்ள இரண்டு கம்பமும் பொது, ஆகவே ஆறு. மூன்று அறைக்கு எட்டு. ஐம்பது அறைக்கு எத்தனை?

பிள்ளைகளைத் தரையில் குச்சி நட்டுப் பார்க்க விடுங்கள். ஒருவன் சொல்வான்: “முதல் அறைக்கு நாலு, பிறகு ஒவ்வொன்றுக்கும் ரெண்டு.” இன்னொருத்தி சொல்வாள்: “அறைக்கு ரெண்டு ரெண்டாகப் போட்டு, கடைசியில் அடைக்க ரெண்டு.” மூன்றாவது பிள்ளை சொல்லும்: “ஒரு பக்கத்தில் அறையைவிட ஒரு கம்பம் அதிகம், அதுபோல ரெண்டு பக்கம்.” அறைகளின் எண்ணிக்கையை ‘அ’ என்று எழுதினால், முதலாவது 4 + 2(அ − 1), இரண்டாவது 2அ + 2, மூன்றாவது 2(அ + 1). ஐம்பதைப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் 102. மூன்று பிள்ளைகளும் சரி! அடைப்புக்குறியை நீக்குவது, உறுப்புகளைச் சேர்ப்பது என்று புத்தகம் பத்துப் பக்கம் சொல்வது இதைத்தான். ஒரே கொட்டகையை மூன்று பேர் மூன்று கண்ணால் பார்த்தார்கள்; கம்பம் மாறவில்லை.

சமன்பாட்டுக்குத் தராசைவிட நல்ல படம் வேறில்லை. ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று உர மூட்டையும் ஐந்து கிலோ படிக்கல்லும். மறு தட்டில் எண்பது கிலோ. முள் நேராக நிற்கிறது. இரு தட்டிலும் ஐந்து கிலோ எடுங்கள், முள் அசையாது. மூன்று மூட்டை எழுபத்தைந்து. ஒரு மூட்டை இருபத்தைந்து. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்து அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள ‘அல்-ஜபர்’ என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. குறைந்ததை நிரப்பிச் சரிசெய்வது என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அதே சொல். ‘இந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்று மந்திரம்போல் சொல்லிக்கொடுக்காதீர்கள். எதுவும் தாவிப் போவதில்லை. இரு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். இரு தரப்புக்கும் ஒரே நீதி. சங்கத்துக்காரனுக்கு இது விளங்காமற் போகுமா?

இப்போது நம் கூலிக்கு வருவோம். விளக்கத்துக்காக நான் சில எண்கள் சொல்கிறேன். எந்தத் தோட்டத்து ஒப்பந்தமும் அன்று. ஒரு நாளைக்கு அடிப்படை 70 ரிங்கிட். உலர்ந்த ரப்பர் இருபது கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்கு ஐம்பது காசு. எடையை ‘ப’ என்போம். இருபதும் அதற்கு மேலும் எடுக்கிற நாளில் கூலி = 70 + 0.50 × (ப − 20). முப்பது கிலோ கொடுத்தவருக்கு 75 ரிங்கிட் வரவேண்டும். சீட்டில் 73 என்று இருக்கிறது. கோபப்பட்டுப் பயனில்லை, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எழுபதை எடுத்தால் மூன்று. ஐம்பது காசால் வகுத்தால் ஆறு. இருபதைச் சேர்த்தால் இருபத்தாறு. ஆக, முப்பது எழுத வேண்டிய இடத்தில் இருபத்தாறு எழுதப்பட்டிருக்கிறது. “கூலி குறைகிறது ஐயா” என்று கேட்பது வேறு. “நான்கு கிலோ எழுத்தில் விட்டுப்போயிருக்கிறது, எடைப் புத்தகத்தைப் பார்ப்போம்” என்று கேட்பது வேறு. முன்னதற்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். பின்னதற்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். புதிய திட்டம் ஒன்று வருகிறது என்று வையுங்கள்: அடிப்படை 66 ரிங்கிட், ஆனால் மேல்கிலோவுக்கு 75 காசு. விகிதம் கூடியிருக்கிறதே என்று கை தூக்கிவிடலாமா? கட்டம் போட்ட தாளில் கிலோவைக் கிடையாகவும் கூலியை நெடுக்காகவும் வைத்து இரண்டு கோடு இழுங்கள். பழைய கோடு மேலே தொடங்கி மெல்ல ஏறும். புதிய கோடு கீழே தொடங்கி வேகமாக ஏறும். இரண்டும் 36 கிலோவில், 78 ரிங்கிட்டில் சந்திக்கும். நாற்பது கிலோ எடுப்பவருக்குப் பழையதில் 80, புதியதில் 81. இருபத்தெட்டு கிலோ எடுப்பவருக்குப் பழையதில் 74, புதியதில் 72. ஆகவே கேள்வி, “நம் நிரையில் முப்பத்தாறு கிலோவைத் தாண்டுகிறவர் எத்தனை பேர்?” என்பதே. கிழட்டு மரம் வெட்டுகிறவர், மழைக்காலம், முதியவர், பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய தாய்: இவர்களெல்லாம் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள்? ரப்பர் விலையோடு கூலியை இணைக்கும் ஒப்பந்தங்கள் நம் தொழிலுக்குப் புதியவையல்ல. அவையும் இப்படி வரையக்கூடிய கணக்குகளே. கோடு தெரிந்தவன் கையெழுத்துப் போடுமுன் பார்ப்பான். தெரியாதவன் போட்டபின் வருந்துவான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது, கிராணிமார்களுக்கு. எண்ணோடு நாளெல்லாம் வாழ்கிறவர்கள் நீங்கள். வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம், முதலாம் படிவப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரு கறும்பலகையும், கட்டம் போட்ட தாளும், ஒரு தராசும் போதும்.

இரண்டாவது, பெற்றோருக்கு. ‘எனக்குப் படிப்பில்லை’ என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைக்குத் தேவையான முதல் மூன்று படிகள், அதாவது கண்டது, வரைந்தது, பேசியது, உங்களிடம்தான் இருக்கின்றன. எடை எப்படிப் போடுகிறார்கள், கூடை எடையை எப்படிக் கழிக்கிறார்கள், கொட்டகைக்குக் கம்பம் எப்படி எண்ணுகிறார்கள் என்று தமிழில் சொல்லுங்கள். குறியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, சங்கத் தோழர்களுக்கு. ஒப்பந்தம் வரும்போது அதன் கோட்டைப் பெரிய தாளில் வரைந்து பிரட்டுக் களத்தருகே ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவரும் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே தட்டையாக நிற்கிறது என்று பார்ப்பார். அதைப் பார்க்கும் பிள்ளைக்கு, பள்ளியில் வரையும் கோடும் அப்பாவின் கூலியும் ஒன்றே என்பது புரியும்.

நம் முன்னோர் காடு வெட்டினார்கள்; கொழுந்து கிள்ளினார்கள்; பால் சுமந்தார்கள். எடையை வேறொருவர் எழுத, கூலியை வேறொருவர் சொல்ல, கைநீட்டி வாங்கினார்கள். நம் பிள்ளைகள் எடையையும் எழுதட்டும், கூலியையும் சரிபார்க்கட்டும். வரும் சனிக்கிழமை மாலையே ஒரு கறும்பலகையை இந்த மண்டபத்தில் மாட்டுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.