தென்னந்தோப்பை வானில் இருந்து பார்த்தவர்



கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் நின்று பாருங்கள். தெற்கே மலைத்தொடர் தெரியும். கிழக்கே பொள்ளாச்சிக்குப் போகும் சாலை. எங்கும் தென்னை, மாந்தோப்பு. மலை மேல் ஏறிப் பார்த்தால் எல்லாத் தோப்பும் ஒன்றாகத் தெரியும். இன்னும் உயரே, வானில் இருந்து பார்த்தால்?

அப்படிப் பார்த்து நிலத்தைப் பற்றி அறிவதற்குத் தொலையுணர்வு என்று பெயர். தொலைவில் இருந்து, தொடாமலே அறிவது.

இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தவர் பக்கத்து ஊர்க்காரர். அவர் பெயர் பி. ஆர். பிஷாரடி. 1909-இல் கொல்லங்கோட்டில் பிறந்தார். சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். வானிலை அறிஞர் ஆனார். 2002-இல் மறைந்தார்.

அப்போது கேரளத்தில் தென்னைகளை வேர் வாடல் நோய் அழித்து வந்தது. மரம் மரமாகப் போய்ப் பார்த்தால் எத்தனை வருடம் ஆகும்? 1970-இல் பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து தோப்புகளைப் படம் எடுத்தார்கள். அது தனி வகைப் பிலிம்.

பச்சை இலை வெயிலில் ஓர் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் பெயர் அகச்சிவப்பு ஒளி. அது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிலிமுக்குத் தெரியும். நல்ல இலை அதை நிறைய அனுப்பும். படத்தில் நல்ல சிவப்பாக விழும். நோயுற்ற இலை குறைவாக அனுப்பும். நிறம் மாறி விழும். நோய் கண்ட மரங்கள் இப்படித்தான் பிடிபட்டன.

பிறகு செயற்கைக்கோள் வந்தது. 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ பறந்தது. இந்தியா செய்தது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. 22 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுத்தது. அதில் ஊர் தெரியும், தனி வீடு தெரியாது. 2019-இல் போன கார்ட்டோசாட்-3 கூரையைக்கூடத் தனியாகக் காட்டுகிறது.

இந்த வகைப் படத்தில் பயிர் சிவப்பு. ஆழமான தண்ணீர் கறுப்பு. வீடுகள் நிறைந்த ஊர் சாம்பல் கலந்த நீலம். பத்து வருடத்துக்கு முந்திய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஊர் எவ்வளவு வளர்ந்தது, ஏரி எவ்வளவு சுருங்கியது, காடு எங்கே குறைந்தது எல்லாம் தெரியும்.

2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டது. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்திருந்தது. சேறு எட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது என்று சொல்ல இப்படிப்பட்ட படங்கள் உதவும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். படம் கூரையைக் காட்டும். கூரைக்குள் எத்தனை பேர் என்று காட்டாது. குளத்தைக் காட்டும். அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று காட்டாது. அதனால்தான் அறிஞர்கள் தரையில் வந்து சரிபார்க்கிறார்கள். 1990-களில் கேரளத்தின் பல பஞ்சாயத்துகளில் ஊர்மக்களே வயல் வயலாக நடந்து வள வரைபடம் போட உதவினார்கள்.

இன்று அதே வேர் வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளிலும் பரவியிருக்கிறது. ஓலை தளர்ந்து, விலா எலும்பு போல உள்ளே வளைந்தால் அது நோயின் அடையாளம். உடனே கிருஷிபவனில் சொல்லுங்கள். தினமும் தோப்புக்குள் நடப்பவருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது.

பஞ்சாயத்தில் வரைபடம் வந்தால் தள்ளி நிற்காதீர்கள். விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் வீடு இருக்கிறதா? குடிக்கும் கிணறு இருக்கிறதா? மழைக்காலத்தில் ஓடும் ஓடை இருக்கிறதா? விட்டுப்போனால் எழுதிக் கொடுங்கள். எழுத்தைப் படிக்கக் கற்றவருக்கு வரைபடமும் ஒரு பாடப் புத்தகம்தான்.